குழந்தையின் கழுத்தில் பிறவிக் கட்டியும் கசியும் துளையும்: கண்ணில் பட்ட நாள் முதல் தையல் ஆறும் வரை

குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். பல்லடம், தாராபுரம், கோபி, சத்தி என்று பல ஊர்களிலிருந்து கழுத்துக் கட்டியோடு குழந்தைகளைக் கூட்டி வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே கதைதான். குளிப்பாட்டும்போது அம்மாயி கையில் சின்ன உருண்டை தட்டுப்பட்டிருக்கும். சளி, காய்ச்சல் வந்தபோது அது வீங்கிச் சிவந்திருக்கும். பக்கத்து ஊர் கிளினிக்கில் கீறி சீழை எடுத்திருப்பார்கள். அதன்பின் மாதக்கணக்கில் அந்த இடம் கசிந்துகொண்டே இருக்கும். எங்களிடம் வரும்போது எளிதாக முடிந்திருக்க வேண்டிய வேலை சிக்கலாகி நிற்கும்.

இந்தக் கட்டிகளுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. படிகளின் வரிசை மட்டும் தப்பக்கூடாது. முதல் அறுவை சிகிச்சையே முழுமையாக அமைய வேண்டும் என்பதை மனதில் வைத்து இந்த வரிசையை எழுதியிருக்கிறேன்.

1. எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

கழுத்துக் கட்டியில் பாதி விடையை இடமே சொல்லிவிடும். நல்ல வெளிச்சத்தில் குழந்தையை மடியில் உட்காரவைத்து, முகவாயைச் சற்று உயர்த்திப் பாருங்கள்.

நடுக்கழுத்தில், முகவாய்க்குக் கீழே, குரல்வளை மேட்டை ஒட்டி உருண்டையாக இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது தைரோகிளாசல் நீர்க்கட்டி. கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியில் உருவாகி, கழுத்துக்குக் கீழிறங்கி வரும். இறங்கி வந்த வழி பிறப்பதற்குள் மூடிவிட வேண்டும். மூடாமல் எங்காவது மிச்சமிருந்தால் அதில் நீர் சேர்ந்து கட்டியாகிறது. குழந்தைகளுக்கு நடுக்கழுத்தில் வரும் பிறவிக் கட்டிகளில் இதுவே அதிகம்.

இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கட்டியை இரண்டு விரலால் அழுத்தாமல் லேசாகத் தொட்டுக்கொண்டு, குழந்தையை நாக்கை நன்றாக வெளியே நீட்டச் சொல்லுங்கள். கட்டி மேல்நோக்கி இழுபட்டால் அது தைரோகிளாசலாக இருக்க வாய்ப்பு அதிகம். சொன்னால் புரியாத வயது என்றால் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, விழுங்கும்போது ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அசையாவிட்டால் அது இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நடுக்கழுத்தில் டெர்மாய்டு என்ற இன்னொரு பிறவிக் கட்டியும் வரும், அது பெரும்பாலும் அசையாது. இரண்டையும் மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

பக்கவாட்டுக் கழுத்தில், காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை இறங்கும் பெரிய தசையின் முன்விளிம்பை ஒட்டி வருவது பிராங்கியல் வகை, அதாவது கருவில் கழுத்து உருவாகும் வளைவுகளில் மூடாமல் மிஞ்சியது. அந்த விளிம்பின் கீழ்ப்பகுதியில் ஊசிமுனை அளவு துளை இருக்கும். அதிலிருந்து அவ்வப்போது தெளிந்த, கொழகொழப்பான நீர் கசியும். சட்டைக் காலர் எப்போதும் ஒரே இடத்தில் ஈரமாக இருப்பதைத்தான் அம்மாக்கள் முதலில் கவனிக்கிறார்கள். துளை பிறந்த சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். துளை இல்லாத கட்டி வளர்ந்த பிள்ளைகளுக்கும் திடீரென்று தெரியவரலாம்.

காதுக்குக் கீழே, தாடை வளைவருகே அடிக்கடி வீங்கிச் சீழ் பிடித்தாலோ, செவிப்பறையில் கோளாறு இல்லாமல் காதில் நீர் வடிந்தாலோ முதல் வளைவுக் கோளாறாக இருக்கலாம். அங்கே முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுவதால் கூடுதல் கவனம் தேவை.

கழுத்தின் பின்பக்கமாக, மெத்தென்று பெரிதாக, டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவுவதாக இருந்தால் அது நிணநீர்க் கட்டி. இதற்குச் சிகிச்சை வழியே வேறு. பல நேரம் ஊசி மூலம் மருந்து செலுத்திச் சுருங்கவைப்பார்கள்.

பிறந்து சில வாரங்களில் கழுத்துத் தசைக்குள் கெட்டியான உருண்டை தோன்றி, குழந்தை தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருந்தால் அது பெரும்பாலும் தசை இறுக்கம். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டால், தசைப் பயிற்சியிலேயே பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகிவிடும்.

பார்த்ததை அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கசியும்போது ஒன்று. மருத்துவரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வற்றியிருக்கலாம், துளை காய்ந்திருக்கலாம். அப்போது இந்தப் படங்கள்தான் பேசும்.

2. நெறி கட்டியதா, பொன்னுக்கு வீங்கியா என்று பிரியுங்கள்

“சளி புடிச்சா நெறி கட்டும், உடுங்க கண்ணு” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பல நேரம் சரிதான். தலையில் பேன், புண், தொண்டை வலி இருந்தால் கழுத்தில் நெறி கட்டும். அவை சின்னச் சின்னதாக, ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கும், சில வாரங்களில் சுருங்கும். ஒரே இடத்தில், ஒரே உருண்டை, ஒவ்வொரு சளிக்கும் வீங்கி வற்றி மறுபடி வீங்கினால் அது நெறியாக இருக்க வாய்ப்பு குறைவு. 4 வாரம் தாண்டியும் இருந்தால் காட்டிவிடுங்கள்.

பொன்னுக்கு வீங்கி காதுக்கு முன்னும் கீழும் வீங்கி, காது மடலைத் தூக்கிக் காட்டும். காய்ச்சலோடு வந்து சுமார் ஒரு வாரம், பத்து நாளில் வடியும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுக் காத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. சங்கிலி இருந்துவிட்டுப் போகட்டும், பத்து நாளில் வடியாவிட்டால் கிளம்புங்கள்.

காசநோயாலும் கழுத்தில் கட்டி வரும். அதனால் ஊசி மூலம் நீரெடுத்துச் சோதிப்பது முறையானது. சோதனையே இல்லாமல் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிட்டு, 6 மாதம் கழித்தும் கட்டி அப்படியே இருக்கிறதே என்று வருபவர்களைப் பார்க்கிறேன். எந்தச் சோதனையை வைத்து மாத்திரை தருகிறீர்கள் என்று கேட்பதில் தவறில்லை.

கல்லுப்போல் கெட்டியாக, வேகமாக வளரும் கட்டி, கூடவே எடை குறைவது, நீடித்த காய்ச்சல், இரவில் வியர்ப்பது இருந்தால் அந்த வாரமே காட்ட வேண்டும்.

3. எப்போது நள்ளிரவானாலும் ஓட வேண்டும்

மூச்சிழுக்கும்போது சத்தம் வருவது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிய விடுவது, சில மணி நேரத்தில் கழுத்து பெருத்துவிடுவது, காய்ச்சலோடு கழுத்தைத் திருப்பவே முடியாமல் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். நிணநீர்க் கட்டிக்குள் இரத்தம் கசிந்தாலோ, கட்டிக்குள் சீழ் கோத்தாலோ மூச்சுக்குழாய் நெருக்கப்படும். விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

4. கை வைக்காதீர்கள், கீறவும் விடாதீர்கள்

அதிகம் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போடுவது, சூடு வைப்பது, துளைக்குள் திரி செருகுவது, அழுத்திப் பிதுக்குவது எல்லாமே வெளியிலிருக்கும் கிருமியை உள்ளே அனுப்பும் வேலை. துளை வெளியே ஊசிமுனை அளவில் இருந்தாலும், உள்ளே தொண்டை வரை பாதை போகலாம். கிருமி சேர்ந்து சீழ் பிடித்தால் பாதையைச் சுற்றியுள்ள சதை ஒட்டிக்கொள்ளும். பிறகு அறுவை சிகிச்சையில் எது பாதை, எது நரம்பு, எது இரத்தக் குழாய் என்று பிரித்தெடுப்பது கடினம்.

கத்தியால் கீறுவதிலும் இதே சிக்கல். சாதாரணச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறினால் சீழ் வெளியேறிக் காய்ச்சல் இறங்கும், வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் உள்ளேயிருக்கும் பையும் பாதையும் அப்படியே இருக்கும். கீறிய இடம் மூடாமல் கசியத் தொடங்கும். நடுக்கழுத்தில் கசியும் தைரோகிளாசல் துளைகள் பிறவியில் வருவதில்லை. சீழ் பிடித்து உடைந்தோ, கீறியதாலோ உண்டானவை அவை.

சீழ் கோத்துவிட்டால் என்ன செய்வது? கிருமிக்கொல்லி மருந்து முதலில். சீழ் அதிகமென்றால் ஊசியால் உறிஞ்சி எடுப்பது அடுத்தது. தோல் உடையப்போகிறது, வேறு வழியில்லை என்றால்தான் சிறு கீறல். அதையும் பிற்பாடு முழு அறுவை சிகிச்சையில் வெட்டி நீக்கக்கூடிய இடத்தில் போட வேண்டும்.

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் இது: “வீங்குவதற்கு முன்னாலேயே இந்த இடத்தில் உருண்டை இருந்தது.” இதை யாரும் சொல்வதில்லை. மூன்று நாளாக வீக்கம் என்று மட்டும் சொல்கிறார்கள், அவரும் மூன்று நாள் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கத்தியை எடுக்கிறார். பழைய போட்டோவைக் காட்டினால் இன்னும் நல்லது.

5. சரியான மருத்துவரிடம் போங்கள்

இது குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர், அல்லது குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சையைச் செய்து பழகிய காது மூக்கு தொண்டை நிபுணர் பார்க்க வேண்டியது. கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உண்டு. ஈரோட்டுப் பக்கத்தவர்கள் பெருந்துறையிலும், மற்றவர்கள் திருப்பூர், கரூர், நாமக்கல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் முதலில் காட்டி, தேவையென்றால் பரிந்துரைச் சீட்டோடு போகலாம். புறநோயாளிப் பிரிவு காலையில்தான். சிறப்புப் பிரிவுகள் எல்லா நாளும் இருக்காது, எந்தக் கிழமை என்று முன்னாலேயே விசாரித்துவிட்டு பனியன் கம்பெனியிலோ தறியிலோ லீவு சொல்லுங்கள். ஒரு நாள் கூலி வீணாகப் போகக்கூடாது.

நடுக்கழுத்துக் கட்டி என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஹயாய்டு எலும்பின் நடுப்பகுதியையும் எடுப்பீர்களா?” குரல்வளைக்கு மேலே, நாக்கின் அடியில் இருக்கும் சின்ன எலும்பு அது. ஏன் என்பதை 9-ஆவது படியில் சொல்கிறேன். கேட்டால் கோபப்படும் மருத்துவரை நான் பார்த்ததில்லை.

6. காகிதங்களை இப்போதே சரி செய்யுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பதற்கான சான்றிதழ் வேண்டும்.

பலரும் சிக்குவது ஒரே இடத்தில்: குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் இருக்காது. பிறப்புச் சான்றிதழ் வாங்கி, கார்டில் பெயர் சேர்க்க நாளாகும். அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்த பிறகு இதற்கு அலைந்தால் தேதி போய்விடும். முதல் முறை மருத்துவரைப் பார்த்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் செய்வதென்றால், அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சைக்கு அனுமதி வருமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள்.

7. ஸ்கேனில் தைராய்டைப் பார்க்காமல் விடாதீர்கள்

முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட். வலியில்லை, கதிர்வீச்சில்லை, மயக்க மருந்தும் வேண்டாம். நடுக்கழுத்துக் கட்டியானால் அறிக்கையில் கட்டியைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் போதாது. தைராய்டு சுரப்பி அதன் இடத்தில் இயல்பாக இருக்கிறது என்றும் எழுதியிருக்க வேண்டும்.

காரணம் இதுதான். அபூர்வமாகச் சில குழந்தைகளுக்குத் தைராய்டு முழுவதும் கீழிறங்காமல் வழியிலேயே நின்றுவிடும். வெளியே பார்க்க அதுவும் நீர்க்கட்டி போலவே தெரியும். கட்டியென்று நினைத்து அதை எடுத்துவிட்டால், குழந்தைக்கு இருந்த ஒரே தைராய்டு போய்விடும். அப்புறம் ஆயுள் முழுக்க மாத்திரை. ஸ்கேனில் சுரப்பி தெரியவில்லை என்றால் இரத்தத்தில் தைராய்டு அளவு, தேவைப்பட்டால் தைராய்டு ஐசோடோப் ஸ்கேன் எடுத்த பிறகே மேலே போக வேண்டும்.

பக்கவாட்டுக் கட்டி ஆழமாகப் போகிறதென்று சந்தேகம் இருந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. கேட்பார்கள். இடப்பக்கக் கழுத்தில், தைராய்டை ஒட்டி, திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தால் தொண்டையின் அடியிலுள்ள பைரிஃபார்ம் குழியிலிருந்து பாதை வருகிறதா என்று பார்க்க வேண்டும். சீழ் அடங்கி சுமார் 6 வாரம் கழித்து பேரியம் மருந்தைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பும் அதற்கு. சீழ் இருக்கும்போதே எடுத்தால் பாதை வீங்கி அடைத்திருக்கும், ஒன்றுமில்லை என்று தவறாக வந்துவிடும்.

இரண்டு பக்கமும் துளை இருக்கிறதா, காதுக்கு முன்னால் சின்னக் குழி இருக்கிறதா என்றும் பாருங்கள். காதுகுத்துக்கு உட்காரவைக்கும்போது பலர் அந்தக் குழியைப் பார்த்திருப்பார்கள், அதிர்ஷ்டக் குறி என்று சொல்லி விட்டிருப்பார்கள். காதுக் குழி மட்டும் தனியாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கழுத்துத் துளையோடு சேர்ந்து இருந்தாலோ, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இதேபோல் இருந்தாலோ, குழந்தைக்குக் கேட்கும் திறன் சோதனையும் சிறுநீரக அல்ட்ராசவுண்டும் கட்டாயம். காது, கழுத்து, சிறுநீரகம் மூன்றையும் சேர்த்துப் பாதிக்கும் ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

8. சீழ் ஆறும் வரை காத்திருங்கள், ஆனால் மறந்துவிடாதீர்கள்

கிருமித் தொற்று இருக்கும்போது முழு அறுவை சிகிச்சை செய்ய மாட்டார்கள். சிவப்பும் வீக்கமும் அடங்கிய பிறகும் பொதுவாக 6 வாரம் பொறுப்பார்கள். அதற்குள் ஒட்டிய சதை இளகும்.

இந்த இடைவெளியில்தான் பலர் காணாமல் போகிறார்கள். கட்டி சுருங்கியிருக்கும், பிள்ளை ஓடி விளையாடும். குலதெய்வம் கோயிலில் மொட்டை இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, மே மாத லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகும். ஒவ்வொரு முறை சீழ் பிடிக்கும்போதும், அறுவைக்குப் பின் திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே அடுத்த தேதியை நோட்டில் எழுதி வாங்குங்கள்.

அறுவைத் தேதிக்கு முன் சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சுக்குழாய் எரிச்சலோடு இருக்கும்போது மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. சில வாரம் தள்ளிப்போவதில் நஷ்டமில்லை.

9. அறுவை நாள்

வெறும் வயிறு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சோறு, இட்லி, பிஸ்கட், மாட்டுப்பால், பவுடர் பால் எதுவானாலும் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் வரை. உங்கள் மயக்கவியல் மருத்துவர் வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். “பாலு குடிக்காம புள்ள எப்படிங்க தாங்கும்” என்று பாட்டி ஒரு டம்ளர் கொடுத்துவிட்டால், மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். கொடுத்துவிட்டது தெரிந்தால் உடனே சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். மாட்டுப்பாலும் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தைரோகிளாசல் கட்டிக்குச் செய்வது சிஸ்ட்ரங்க் அறுவை சிகிச்சை. 1920-இல் சிஸ்ட்ரங்க் என்ற அறுவை மருத்துவர் விளக்கிய முறை, இன்றும் அதுதான். கட்டியோடு சேர்த்து ஹயாய்டு எலும்பின் நடுத்துண்டையும், அதற்கு மேலே நாக்கின் அடி வரை போகும் சதைத் தண்டையும் எடுப்பார்கள். பாதை அந்த எலும்பை ஒட்டியும், சில சமயம் அதை ஊடுருவியும் போவதால் எலும்பை விட்டுவைத்தால் பாதையும் மிஞ்சும். ஊற்றை அடைக்காமல் கிணற்றை இறைப்பது போன்றது அது. கட்டியை மட்டும் எடுத்தால் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் திரும்பி வரும். முழு முறையில் செய்தால் 100-இல் 10 பேருக்கும் குறைவு. எலும்பை எடுத்தால் பேச்சு வருமா, விழுங்க முடியுமா என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். நடுத்துண்டு மட்டும் போவதால் பேச்சும் விழுங்குவதும் கெடாது.

பக்கவாட்டுத் துளைக்குப் பாதை முழுவதையும் பின்தொடர்ந்து எடுக்க வேண்டும். இரண்டாம் வளைவு வகை, கழுத்தின் இரண்டு பெரிய இரத்தக் குழாய்களுக்கு இடையில் ஏறி, டான்சில் வரை போகும். அதனால் சில குழந்தைகளுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு சிறு வெட்டுகள் இருக்கும். இரண்டைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், ஒரே நீளமான தழும்பைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். பைரிஃபார்ம் பாதையைப் பல இடங்களில் எண்டோஸ்கோப் வழியாக, வெளியே வெட்டாமலே உள்வாயைச் சுட்டு மூடுகிறார்கள்.

10. முதல் இரவும் வீட்டில் பராமரிப்பும்

முதல் 24 மணி நேரம் கழுத்தைத்தான் பார்க்க வேண்டும். கட்டுக்கடியில் இரத்தம் சேர்ந்தால் கழுத்து உப்பி மூச்சு முட்டும். குழந்தை அமைதியில்லாமல் புரண்டால், குரல் மாறினால், மூச்சில் சத்தம் வந்தால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். தூங்குகிறவரை எழுப்புவதா என்று தயங்க வேண்டாம், அதற்குத்தான் இருக்கிறோம். சின்ன டியூப் வைத்திருந்தால் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். குழந்தை இழுத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

விழுங்கும்போது சில நாள் வலிக்கும். குழைந்த ரசம் சாதம், பாலில் ஊறிய இட்லி, ஆறவைத்த ராகிக் கூழ் கொடுக்கலாம். முட்டை, பருப்பு, தயிர் சேர்த்தால் புண் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைக்காதீர்கள். புண் ஆறப் புரதம்தான் வேண்டும். கட்டு நனையக்கூடாது. மஞ்சள், தேங்காயெண்ணெய், விபூதி எதையும் தையல் மேல் வைக்க வேண்டாம், விபூதியை நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய்ச்சல், சிவப்பு, நாற்றம், தெளிந்த நீர்க் கசிவு இருந்தால் குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் வாருங்கள்.

11. பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்காமல் கோப்பை மூடாதீர்கள்

எடுத்த சதை பரிசோதனைக்குப் போகும். முடிவு வர நாளாகும், அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், தையல் ஆறியதும் யாரும் வருவதில்லை. கட்டி என்று நினைத்தது அதுதானா என்று உறுதிப்படுத்துவது இந்தத் தாள்தான். மிக அபூர்வமாக, பெரும்பாலும் பெரியவர்களுக்கு, தைரோகிளாசல் கட்டிக்குள் புற்றுநோய் இருந்ததுண்டு. குழந்தைகளுக்கு அது இன்னும் அபூர்வம் என்றாலும் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல மருத்துவர் இருக்க வேண்டும்.

திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே தெரியும். தழும்பை மாதம் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், பயாப்ஸி, அறுவையில் என்ன எடுத்தார்கள் என்ற குறிப்பு, இந்த நான்கையும் ஒரே கவரில் போட்டு ரேஷன் கார்டோடு வையுங்கள். ஒருவேளை மறுபடி வந்தால், ஹயாய்டு எலும்பு போன முறை எடுக்கப்பட்டதா இல்லையா என்பதுதான் அடுத்த மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி.